வேலையின்மை குறைவு என்கிறார்கள், எனக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை தேடுகிறவர்களுக்கு ரெஸ்யூமே திருத்திக் கொடுப்பதும், இன்டர்வியூவுக்குத் தயார்செய்து அனுப்புவதும் பல வருடங்களாக நான் செய்துவரும் காரியம். பேச உட்கார்ந்த பத்து நிமிடத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறார்கள்: வேலையின்மை குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்களே, பிறகு எனக்கு மட்டும் ஏன் இப்படி? அதைக் கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடும். குறை தன்னிடம்தான் என்று முடிவுகட்டிவிட்டுத்தான் பலர் கேட்கிறார்கள். அந்த முடிவு பெரும்பாலும் தவறு.

கேள்விகளை அவரவர் கேட்ட வார்த்தையிலேயே வைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் அமெரிக்க எண்கள் அதிகம் வரும். வேலைக்கு எடுத்தது, நீக்கியது, விலகியது எல்லாவற்றையும் மாதாமாதம் தனித்தனியாக வெளியிடும் நாடுகள் குறைவு என்பதே காரணம்.

வேலையில்லாதவங்க 4 சதவீதம்தான்னு சொல்றாங்க. அப்போ நூறு பேர்ல 96 பேருக்கு வேலை இருக்குன்னு அர்த்தமா?

இல்லை. அந்த நூறில் நாட்டின் எல்லாப் பெரியவர்களும் அடங்க மாட்டார்கள். வேலையில் இருப்பவர்களையும் வேலை தேடிக்கொண்டிருப்பவர்களையும் மட்டும் சேர்த்துத் 'தொழிலாளர் படை' என்கிறார்கள். அந்தப் படையில் நூற்றுக்கு எத்தனை பேர் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் வேலையின்மை விகிதம். படிப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள், வீட்டில் குழந்தையையோ நோயாளியையோ பார்த்துக்கொள்பவர்கள், உடம்பு முடியாதவர்கள், தேடுவதை நிறுத்தியவர்கள் எல்லோரும் கணக்குக்கு வெளியே.

அமெரிக்காவில் 2024இல் விகிதம் 4 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அப்போது 16 வயதைத் தாண்டிய நூறு பேரில் வேலையில் இருந்தவர்கள் சுமார் 60 பேர். தேடியவர்கள் இரண்டு, மூன்று பேர். மற்ற 37 பேர் இரண்டு பக்கத்திலும் இல்லை. ராணுவத்திலும் சிறையிலும் இருப்பவர்கள் இந்த நூறிலேயே சேர்த்தி கிடையாது.

யாரைத்தான் 'வேலையில்லாதவர்'னு எழுதிக்கிறாங்க?

மூன்று நிபந்தனைகளும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். குறிப்பிட்ட வாரத்தில் எந்த வேலையும் செய்திருக்கக் கூடாது. சமீபத்தில், பெரும்பாலும் கடந்த நான்கு வாரங்களுக்குள், வேலைக்காக முயற்சி எடுத்திருக்க வேண்டும். வேலை கிடைத்தால் உடனே போகத் தயாராக இருக்க வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் இலக்கணம் இது. பெரும்பாலான நாடுகள் இதைத்தான் சிறு மாற்றங்களோடு பின்பற்றுகின்றன.

'முயற்சி' என்பதற்கும் வரையறை உண்டு. விண்ணப்பம் போடுவது, நிறுவனத்தை நேரில் அணுகுவது, தெரிந்தவர்களிடம் சொல்லிவைப்பது எல்லாம் முயற்சி. விளம்பரங்களைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தால் அமெரிக்கக் கணக்கில் அது முயற்சியாகாது.

வாரத்துல ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலே வேலை இருக்குன்னு போட்டுடுவாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். 1982இல் நடந்த தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு வகுத்த விதி அது. கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வந்து, "போன வாரம் கூலிக்காகவோ லாபத்துக்காகவோ ஏதாவது வேலை செய்தீர்களா?" என்று கேட்கிறார். நீங்கள் ஆறு மாதமாக முழுநேர வேலை தேடுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இரண்டு மணி நேரம் கணக்கு சொல்லிக்கொடுத்துக் கொஞ்சம் பணம் வாங்கினீர்கள். "ஆமாம், ட்யூஷன் எடுத்தேன்" என்று சொன்ன நொடியில் நீங்கள் வேலையில் இருப்பவர் ஆகிவிட்டீர்கள். எத்தனை நாளாகத் தேடுகிறீர்கள் என்பது இனி அந்த விகிதத்துக்குத் தேவைப்படாது.

விதி கொடுமையாகத் தெரிந்தாலும் காரணமில்லாமல் வைக்கவில்லை. நாட்டில் நடந்த உழைப்பு முழுவதும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், உற்பத்திக் கணக்கோடு பொருந்த வேண்டும் என்பதற்காக வைத்தது. உங்கள் கஷ்டத்தை அளக்க வந்த அளவுகோல் இல்லை அது. ஜெர்மனியில் இந்த வேறுபாட்டைக் கண்கூடாகப் பார்க்கலாம். அங்கே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர் வாரத்துக்கு 15 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்தாலும் வேலையில்லாதவர் பட்டியலிலேயே இருக்கலாம். 2024இல் அந்தப் பதிவுக் கணக்கு 6 சதவீதம். அதே நாட்டுக்கு, அதே வருடம், சர்வதேச விதிப்படி எடுத்த விகிதம் 3.5 சதவீதத்தை ஒட்டி. மக்கள் அதே மக்கள்தான், கேள்விதான் வேறு.

தேடித் தேடி வெறுத்துப்போய் விட்டுட்டேன். நான் எந்தக் கணக்குல வருவேன்?

தொழிலாளர் படைக்கு வெளியே போய்விடுகிறீர்கள். நீங்கள் போவதாலேயே விகிதம் குறையும். படையில் நூறு பேர், அதில் ஐந்து பேருக்கு வேலை இல்லை என்று வையுங்கள். ஒருவர் மனம் வெறுத்து நிறுத்திவிட்டால் 99க்கு நான்கு பேர், அதாவது 4 சதவீதம்தான். ஒருவருக்குக்கூடப் புதிதாக வேலை கிடைக்கவில்லை, செய்தியில் 'வேலையின்மை சரிவு' என்று வரும்.

ஆனால் எல்லா மர்மத்துக்கும் இதுவே விடை என்று நினைத்துவிடாதீர்கள். 'வேலை கிடைக்காது என்பதால் தேடவில்லை' என்று சொல்கிறவர்களை அமெரிக்காவில் தனியாக எண்ணுகிறார்கள். 2023, 2024 ஆண்டுகளில் பெரும்பாலான மாதங்களில் அது ஐந்து லட்சத்துக்குள் இருந்தது. தொழிலாளர் படை கிட்டத்தட்ட 17 கோடி. பல காலத்துக்கு முன்பே ஒதுங்கி, இப்போது கேட்டால் "உடம்பு சரியில்லை" என்றோ "வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றோ சொல்கிறவர்கள் கூட்டம் அதைவிடப் பெரியது. அங்கே 25 முதல் 54 வயது வரையிலான ஆண்களில் வேலை செய்கிற அல்லது தேடுகிறவர்கள் 1950களின் நடுவில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் இருந்தார்கள். இப்போது சுமார் 89 பேர். இத்தனை பெரிய நகர்வை வேலையின்மை விகிதத்தில் தேடினால் கிடைக்காது.

அப்போ அரசாங்கம் பொய் சொல்லுதுன்னு நேராவே சொல்லிடலாமே?

சொல்ல மாட்டேன். விதி என்ன என்பது வெளிப்படையாக இருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் யு-1 முதல் யு-6 வரை ஆறு விதமான அளவுகளை மாதந்தோறும் ஒரே அட்டவணையில் வெளியிடுகிறது. தலைப்புச் செய்தியாகும் எண் அதில் யு-3. தேடுவதைச் சமீபத்தில் விட்டவர்களையும், முழுநேரம் கேட்டுப் பகுதிநேரம் மட்டுமே கிடைத்தவர்களையும் சேர்த்தது யு-6. அது வழக்கமாக யு-3ஐப் போல ஒன்றரை மடங்குக்கு மேல், சில சமயம் இரண்டு மடங்கை நெருங்கி இருக்கும். மறைப்பவர்கள் அதை அச்சடித்துத் தர மாட்டார்கள்.

'உதவித்தொகை தீர்ந்துபோனவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்' என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. அமெரிக்காவில் அது சரியில்லை. சுமார் 60,000 வீடுகளில் கேட்டு எடுக்கும் கணக்கு அது, உதவித்தொகை வாங்குகிறீர்களா என்பதை வைத்து யாரையும் சேர்ப்பதோ நீக்குவதோ இல்லை. கோபம் வருவது நியாயம். அதைத் தவறான இடத்தில் செலவழித்தால் உண்மையான பிரச்சினை கண்ணில் படாமலே போய்விடும்.

சரி, கணக்கு நேர்மையாவே எடுத்ததுன்னு வச்சுப்போம். விகிதம் குறைவுன்னா வேலை சுலபமா கிடைக்கணும்தானே?

இந்தப் பக்கத்தை எழுதவைத்ததே இந்தக் கேள்விதான். கிடைத்தே தீரும் என்று கட்டாயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் போட்ட தொட்டிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது, இன்னொன்று வழியாக வெளியே போகிறது. வேலையை இழப்பவர்கள் உள்ளே வரும் தண்ணீர், வேலை கிடைத்தவர்கள் வெளியே போகும் தண்ணீர். வேலையின்மை விகிதம் என்பது தொட்டியின் நீர்மட்டம். மட்டத்தை மட்டும் பார்த்து, வெளியே போகும் குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது.

எண் போட்டே பார்ப்போம். இரண்டு கற்பனை நாடுகள், இரண்டிலும் தொழிலாளர் படை ஒரு லட்சம் பேர். முதல் நாட்டில் மாதத்துக்கு, வேலையில் இருப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் வேலையை இழக்கிறார், வேலை தேடுபவர்களில் நூற்றுக்கு 25 பேருக்குக் கிடைத்துவிடுகிறது. இரண்டாம் நாட்டில் ஆட்குறைப்பும் பாதி, ஆளெடுப்பும் பாதி: இருநூறில் ஒருவர் இழக்கிறார், தேடுபவர்களில் எட்டில் ஒருவருக்குக் கிடைக்கிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு நாட்டிலும் வேலையில்லாதவர்கள் ஏறக்குறைய 3,850 பேர், விகிதம் 3.8 சதவீதம். செய்தி வாசிப்பவர் இரண்டுக்கும் ஒரே வரியைத்தான் படிப்பார்.

தேடுகிறவருக்கு இரண்டும் ஒன்றா? முதல் நாட்டில் சராசரியாக நான்கு மாதத்தில் வேலை கிடைக்கும், இரண்டாம் நாட்டில் எட்டு மாதம். இன்று வேலையிழந்த நூறு பேரில் ஆறு மாதம் கழித்தும் வெறுங்கையோடு இருப்பவர்கள் முதல் நாட்டில் சுமார் 18 பேர், இரண்டாம் நாட்டில் 45 பேர். ஒரு வருடம் கழித்து முதல் நாட்டில் மூன்று பேர், இரண்டாம் நாட்டில் இருபது பேர். வேலையில் இருப்பவருக்கு இரண்டாம் நாடு நிம்மதியான இடம், யாரும் அவர்மேல் கைவைக்க மாட்டார்கள். வெளியே நிற்பவருக்குக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

இதெல்லாம் கற்பனைக் கணக்கு. நிஜத்துல எங்கயாவது நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 2023 ஜனவரியில் விகிதம் 3.4 சதவீதத்துக்கு இறங்கியது, 1969க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததில்லை. அதற்குச் சற்று முன்பு, 2021–22இல், வெளியே போகும் குழாய் உண்மையிலேயே அகலத் திறந்திருந்தது. 2022 தொடக்கத்தில் வேலையில்லாத ஒருவருக்கு ஏறக்குறைய இரண்டு காலியிடங்கள் இருந்தன. மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று பேர் தாங்களாகவே ராஜினாமா செய்து வேறு வேலைக்குப் போனார்கள்.

2024இல் விகிதம் 4 சதவீதத்தை ஒட்டியே நின்றது, கேட்பதற்கு இன்னும் நல்ல எண்தான். ஆனால் ஆளெடுப்பு, மாதத்துக்கு மொத்த வேலைகளில் 3.3, 3.4 சதவீதம் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2013இல் ஆளெடுப்பு இந்த அளவில்தான் இருந்தது, அப்போது வேலையின்மை 7 சதவீதத்துக்கு மேல். ராஜினாமாவும் 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. நிறுவனங்கள் யாரையும் பெரிதாக அனுப்பவில்லை, யாரையும் பெரிதாக எடுக்கவும் இல்லை. மேலே சொன்ன இரண்டாம் நாடுதான் இது.

எங்க பார்த்தாலும் காலியிடம் விளம்பரம் இருக்கு. ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்கறாங்களே?

காலியிடம் வேறு, ஆளெடுப்பு வேறு. அமெரிக்கக் கணக்கில் மாதத்தின் கடைசி வேலைநாளில் திறந்திருக்கும் இடங்களைக் காலியிடம் என்றும், அந்த மாதம் முழுவதும் உண்மையில் சேர்த்துக்கொண்டவர்களை ஆளெடுப்பு என்றும் எண்ணுகிறார்கள். 2000களில் மாத ஆளெடுப்பு காலியிடங்களைவிட அதிகமாக இருப்பதே வழக்கம். கடந்த பத்து வருடங்களில் பெரும்பாலும் தலைகீழ். விளம்பரம் போடச் செலவு குறைந்துவிட்டது, அவசரம் இல்லாதபோதும் போட்டுவைக்கிறார்கள். 'நல்ல ஆள் வந்தால் பார்க்கலாம்' என்று திறந்திருப்பது, உள்ளேயே ஆளை முடிவுசெய்துவிட்டு நடைமுறைக்காகப் போடுவது, பட்ஜெட் அனுமதி வருவதற்கு முன்பே போட்டுவிடுவது எல்லாம் அந்த எண்ணிக்கையில் அடக்கம்.

இன்னொரு பக்கம், ஒரு பொத்தானை அழுத்தி விண்ணப்பிக்க முடிவதால் ஓர் இடத்துக்கு வந்து குவியும் விண்ணப்பங்களைப் படிக்கவே ஆளில்லை. ஹெச்ஆரில் இருக்கும் நண்பர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்: முதல் ஓரிரு நாளில் வந்தவற்றிலேயே போதுமான ஆட்கள் கிடைத்துவிட்டால் மற்றவை திறக்கப்படுவதே இல்லை. பதில் வராத விண்ணப்பத்தை 'என்னை நிராகரித்தார்கள்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல சமயம் அதை யாரும் பார்க்கவே இல்லை.

எனக்குப் போட்டி வேலையில்லாதவங்க மட்டும்தானே? அவங்க கம்மின்னா எனக்கு நல்லதுதானே?

வேலையில் இருந்துகொண்டே வேறு இடம் தேடுபவர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள், அவர்கள் எந்த வேலையின்மைக் கணக்கிலும் இல்லை. ஒருவர் மாறிப் போனால் அவர் இடம் காலியாகும், அதற்கு இன்னொருவர் வருவார், அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி வெளியே நிற்கும் ஒருவருக்கு வந்துசேரும். ராஜினாமாக்கள் குறைந்தால் சங்கிலியே ஓடாது. அதனால்தான் வேறொருவர் வேலையை விடுகிற செய்தி உங்களுக்கும் நல்ல செய்தி.

காலேஜ் முடிச்சு முதல் வேலை தேடறேன். எங்களுக்கு மட்டும் ஏன் இவ்ளோ கஷ்டம்?

ஆளெடுப்பு நின்றால் முதல் அடி உங்கள் தலையில்தான். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை ஆட்குறைப்பு வராதவரை எதுவும் தொடாது. நீங்களோ உள்ளே நுழையவே வேண்டியவர். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில் 2023இல் உலக அளவில் மொத்த வேலையின்மை 5 சதவீதத்தை ஒட்டி, 15 முதல் 24 வயதினருக்கு 13 சதவீதம். அமெரிக்காவில் புதிதாகப் பட்டம் பெற்றவர்களின் வேலையின்மை மொத்த விகிதத்தைவிடக் குறைவாக இருப்பதுதான் நீண்டகால வழக்கம். சமீப வருடங்களில் அது மொத்த விகிதத்தைத் தாண்டிவிட்டது.

ஜப்பானில் நடந்ததை எல்லோரிடமும் சொல்வேன். 1990களின் நடுவிலிருந்து பத்து வருடங்களுக்கு அங்கே நிறுவனங்கள் புதுப் பட்டதாரிகளை எடுப்பதைக் கடுமையாகக் குறைத்தன. அந்தக் காலகட்டத்துக்கு 'வேலைவாய்ப்பின் பனிக்காலம்' என்றே பெயர். நாட்டின் மொத்த வேலையின்மை 2002இல் உச்சத்தில்கூட 5.5 சதவீதத்தைத் தாண்டவில்லை. பல நாடுகள் அதைக் கேட்டுப் பொறாமைப்பட்டிருக்கும். அங்கே பள்ளி, கல்லூரி முடிந்ததும் ஏப்ரலில் மொத்தமாகச் சேர்த்துக்கொள்வதுதான் முறை, அந்த ஒரு வாசலைத் தவறவிட்டவர்களுக்கு மறுபடி நுழைவது மிகக் கடினம். அந்தத் தலைமுறையில் ஏராளமானவர்கள் தற்காலிக வேலைகளிலேயே நடுத்தர வயதை அடைந்தார்கள். அரசு அவர்களுக்கென்று தனித் திட்டங்கள் போட வேண்டிவந்தது.

என் பிரண்டுக்கு ரெண்டு வாரத்துல கிடைச்சுது. எனக்கு எட்டு மாசமா இல்லை. ஒரே ஊர், ஒரே வயசு.

சராசரி என்பது யாருடைய அனுபவமும் இல்லை. 2023, 2024இல் அமெரிக்காவில் கூடிய வேலைகளில் பெரும்பங்கு மருத்துவத்திலும் அரசுத் துறையிலும் கூடியது. அதே சமயம் கணினித் துறையில் பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்களை அனுப்பின. நர்ஸுக்கும் மென்பொருள் எழுதுபவருக்கும் ஒரே 4 சதவீதத்தைக் காட்டினால் இருவரில் ஒருவருக்காவது அது பொய்யாகத்தான் தெரியும்.

துறை மட்டும் காரணமில்லை. அங்கே கறுப்பின மக்களின் வேலையின்மை பல பத்தாண்டுகளாக வெள்ளையர்களுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2004இல் வெளியான ஓர் ஆய்வில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஒரே தரமுள்ள ரெஸ்யூமேக்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் போலிருந்தவற்றுக்கு 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. உங்கள் நண்பரின் இரண்டு வாரமும் உண்மை, உங்கள் எட்டு மாதமும் உண்மை.

வேலையில்லாம ரொம்ப நாள் ஆயிட்டா அதுக்காகவே கூப்பிட மாட்டாங்கன்னு சொல்றாங்களே?

இதில் ஓரளவு உண்மை உண்டு, ஒளிக்க விரும்பவில்லை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவின் 100 நகரங்களில் சுமார் 3,000 விளம்பரங்களுக்குச் சுமார் 12,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பினார்கள். மற்றதெல்லாம் ஒன்றுபோல இருக்க, வேலையில்லாமல் இருந்த மாதங்களை மட்டும் மாற்றினார்கள். முதல் எட்டு மாதம்வரை இடைவெளி கூடக் கூட அழைப்பு குறைந்துகொண்டே வந்தது. அதற்குப் பிறகு பெரிய மாற்றமில்லை.

அந்த ஆய்வில் என்னை உறங்கவிடாத பகுதி வேறு. வேலையின்மை குறைவாக இருந்த நகரங்களில்தான் இந்த வீழ்ச்சி அதிகம். எல்லோருக்கும் கிடைக்கும் ஊரில் உனக்கு மட்டும் கிடைக்கவில்லையென்றால் உன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று முதலாளிகள் முடிவுகட்டுகிறார்கள். அதாவது, குறைந்த விகிதமே நீண்ட நாள் தேடுகிறவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. ரெஸ்யூமே திருத்தும்போது இடைவெளியை வெறுமனே விடாமல், அந்த மாதங்களில் செய்த சிறு வேலை, படித்த படிப்பு, யாரையாவது பராமரித்தது எதுவானாலும் ஒரு வரி எழுதச் சொல்வது இதனால்தான்.

ஏழை நாடுகள்ல வேலையின்மை ரொம்பக் குறைவா இருக்காமே. அது எப்படி?

வேலையில்லாமல் இருக்கக் கையில் காசு வேண்டும். உதவித்தொகையோ சேமிப்போ இல்லாதவர் நான்கு வாரம் உட்கார்ந்து தேட முடியாது, கிடைத்ததைச் செய்வார். ஒரு மணி நேர விதிப்படி அவர் வேலையில் இருப்பவர். உலகில் உழைப்பவர்களில் ஏறக்குறைய 200 கோடிப் பேர் எந்தப் பாதுகாப்பும் இல்லாத முறைசாரா வேலைகளில் இருப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிடுகிறது. அதே அமைப்பு, வேலை வேண்டும் என்று விரும்பியும் இல்லாதவர்கள் எல்லோரையும் எண்ணிப் பார்த்தது. 2024க்கு அந்த மதிப்பீடு 40 கோடிப் பேர். முறைப்படி 'வேலையில்லாதவர்' என்று எண்ணப்பட்டவர்கள் அதில் பாதிகூட இல்லை, சுமார் 18 கோடி.

இந்தியக் கணக்குல 2017-18ல 6, 2023-24ல 3.2ன்னு கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கே. அது நல்லதுதானே?

குறைந்தது உண்மை. 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு 2017-18இல் 6 சதவீதமாக இருந்தது 2023-24இல் 3.2 சதவீதம். ஆனால் அதே அறிக்கைகளின் அடுத்த பக்கங்களையும் புரட்டுங்கள். வேலையில் இருப்பவர்களில் சுயதொழில் செய்வோர் 52 சதவீதத்திலிருந்து 58 சதவீதமாகக் கூடினார்கள். அதற்குள்ளேயே, குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவி செய்பவர்கள் 13.6 சதவீதத்திலிருந்து 19.4 சதவீதமானார்கள். கூலியில்லாமல் உழைப்பவரும் உழைப்பவர்தான், அவர் உழைப்பை மதிக்க வேண்டும். ஆனால் அவர் கூடியதால் விகிதம் குறைந்ததை, 'வேலை கேட்டவருக்குக் கிடைத்தது' என்று வாசிக்கக் கூடாது.

ஒரே வருடத்துக்கு இரண்டு எண்கள் வருவதைப் பார்த்தும் குழம்புகிறார்கள். 3.2 என்பது கடந்த ஒரு வருடத்தில் வழக்கமாக என்ன செய்தீர்கள் என்று கேட்டு எடுத்தது. அதில் துணைவேலையாக 30 நாள் உழைத்திருந்தாலும் போதும், வேலையில் இருப்பவர்தான். கடந்த ஏழு நாளை மட்டும் கேட்டு எடுத்த கணக்கில் அதே 2023-24க்கு 4.9 சதவீதம்.

விகிதம் ஏறினா நிலைமை மோசம்னு மட்டும் உறுதியா சொல்லலாமா?

அதுவும் முடியாது. 2020 ஏப்ரலில் அமெரிக்க விகிதம் 14.7 சதவீதத்துக்குத் தாவியது. ஆனால் வேலையில்லாத 2.3 கோடிப் பேரில் சுமார் 1.8 கோடிப் பேர் 'தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டவர்கள்'. பெரும்பாலோர் சில மாதங்களில் பழைய இடத்துக்கே திரும்பினார்கள், வருடக் கடைசியில் விகிதம் 6.7. மட்டம் பயங்கரம், ஆனால் வெளியே போகும் குழாய் திறந்திருந்தது. நம்பிக்கை வந்து, ஒதுங்கியிருந்தவர்கள் மறுபடி தேடத் தொடங்கினாலும் விகிதம் ஏறும்.

அப்போ நான் எந்த எண்ணைத்தான் பாக்கணும்?

தேடுகிறவர் நீங்கள் என்றால் முதலில் ஆளெடுப்பு, அடுத்து ராஜினாமா, பிறகு தேடலின் நீளம். அமெரிக்காவில் 27 வாரமோ அதற்கு மேலோ தேடுவோர் வேலையில்லாதவர்களில் எத்தனை பங்கு என்பதை மாதாமாதம் சொல்கிறார்கள். 2010இல் அது 45 சதவீதத்தைத் தொட்டது, 2025இல் நான்கில் ஒன்று. 25 முதல் 54 வயதினரில் நூற்றுக்கு எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற எண்ணும் நல்லது, தேடுவதை நிறுத்தியவர்கள் அதில் மறைய முடியாது.

எந்த எண்ணும் கணக்கெடுப்பவருக்குக் கதவைத் திறந்தவர்களின் பதிலில் நிற்பது. பிரிட்டனில் 2023இல் பதில் சொல்வோர் நூற்றுக்கு 17 பேராகக் குறைந்து, அக்டோபரில் அந்தக் கணக்கெடுப்பின் வெளியீட்டையே நிறுத்திவைக்க நேர்ந்தது. அதனால் ஒரு மாதத்துப் புள்ளி 0.1 ஏறியதற்கும் இறங்கியதற்கும் மனதைக் கொடுக்காதீர்கள்.

'நாட்டுல எல்லாருக்கும் கிடைக்குது, உனக்கு மட்டும் ஏன் கிடைக்கலை'ன்னு வீட்ல கேக்கறாங்க. என்னன்னு சொல்றது?

தொட்டிக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள் என்றுதான் முன்பெல்லாம் சொல்வேன். ஒரு பெண் அதைவிட நல்ல வழியைக் காட்டினாள். நீளக் கணக்கு நோட்டு ஒன்று வைத்திருந்தாள். கோடு போட்டு நான்கு பத்தி: தேதி, நிறுவனம், என்ன வேலை, பதில். முதல் பக்கங்களில் நிறுவனத்தின் முழுப்பெயரும் அழகான கையெழுத்தில் இருந்தது. போகப்போக இரண்டெழுத்துச் சுருக்கம். கடைசிப் பத்தி பக்கம் பக்கமாக வெறுமை, பதில் வந்த சில இடங்களில் மட்டும் சிவப்பு மையில் வட்டம்.

"அக்கா, நான் சோம்பேறின்னு அப்பா நெனைக்கிறார்" என்றாள். நோட்டை அவரிடம் காட்டச் சொன்னேன். மறுவாரம் வந்து சொன்னாள்: "ஒண்ணும் பேசலை. எல்லாப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். 'இவ்வளவும் நீ போட்டதா'ன்னு மட்டும் கேட்டார்." அதற்குப் பிறகு அவர் செய்தியில் வரும் சதவீதத்தைச் சொல்லிக் காட்டவில்லையாம். நீங்களும் எழுதிவையுங்கள். வீட்டாருக்குக் காட்டாவிட்டாலும், எந்த மாதிரி விளம்பரத்துக்கு வட்டம் விழுகிறது என்று உங்களுக்கே தெரியவரும்.

கடைசியா ஒண்ணு. விகிதம் குறைவா இருக்கே, இப்போ இருக்கற வேலையை விட்டுட்டு நிம்மதியா தேடலாமா?

கையில் ஆஃபர் கடிதம் வரும்வரை விடாதீர்கள். மேலே சொன்ன இரண்டாம் நாட்டில் இருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்: உங்கள் துறையில் கடந்த ஆறு மாதத்தில் வெளியிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா, எத்தனை சுற்றில், எத்தனை வாரத்தில் முடிந்தது என்று சேர்ந்தவர்களிடமே கேளுங்கள். ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லையென்றால், விகிதம் 3 ஆனாலும் 4 ஆனாலும் காத்திருங்கள். உடம்பையோ மனதையோ கெடுக்கும் வேலையாக இருந்தால் மட்டும் என் பதில் வேறு. அப்போது குறைந்தது எட்டு மாதச் செலவுக்கு வழி இருக்கிறதா என்று கணக்குப் போட்டுவிட்டு விடுங்கள்.